போர்த்துகல்: டோரு பள்ளத்தாக்கா, போன்ட்டே டி லீமாவா? இரண்டு இரவுக்கு எது?

மழைத்துளி:

வணக்கம். செப்டம்பர் கடைசியில் அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் போர்ட்டோ போகிறோம். அதற்கு நடுவே இரண்டு இரவு, ஒயின் விளைகிற பக்கமாக, ஆறு ஓடுகிற ஒரு பழைய ஊரில் தங்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. எங்கே தேடினாலும் டோரு பள்ளத்தாக்கு, அதில் பின்யாவ் என்ற ஊர், இதுதான் வருகிறது. அலுவலகத்தில் கூட வேலை செய்கிற போர்த்துகீசியப் பெண் ஒருவர் மட்டும் "போன்ட்டே டி லீமா போ, வேறு எதுவும் யோசிக்காதே" என்கிறார். ஊர்ப் பாசத்தில் சொல்கிறாரா என்று தெரியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

அம்மாவுக்கு 66 வயது, முட்டி வலி உண்டு, மேடு ஏற முடியாது. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது, பால் தயிர் சாப்பிடுவார். தம்பி எதையும் சாப்பிடுவான். நான் கொஞ்சம் ஒயின் குடிப்பேன், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கார் ஓட்டப் போவதில்லை. போனவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்77:

யோசிக்கவே வேண்டாம், டோருதான். போர்ட்டோவிலிருந்து ரயில் ஏறினால் ரெகுவா தாண்டியதும் தண்டவாளம் ஆற்றை ஒட்டியே போகும், ஜன்னலை விட்டு அம்மாவை நகர்த்த முடியாது. மலைச் சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் அடுக்கித் திராட்சை போட்டிருப்பார்கள். போர்ட் ஒயினுக்காக 1756லேயே எல்லை வகுத்த பகுதி, 2001இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பின்யாவ் ரயில் நிலையச் சுவரில் திராட்சை அறுவடையை நீல ஓடுகளில் வரைந்த 24 படங்கள் இருக்கின்றன, அதைப் பார்க்கவே போகலாம். கார் இல்லாதவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. போன்ட்டே டி லீமாவுக்கு ரயிலே இல்லை.

பிராகாவாசி:

நான்கு வருடமாகப் பக்கத்து நகரமான பிராகாவில் இருக்கிறேன். போன்ட்டே டி லீமாவுக்கு இருபது முறையாவது போயிருப்பேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தென்றல் சொன்னது எல்லாம் உண்மை, டோரு அழகுதான். ஆனால் மழைத்துளி கேட்டது "ஆறு ஓடுகிற பழைய ஊர்". பின்யாவ் மிகச் சின்ன ஊர், ரயில் நிலையம், படகுத்துறை, சில உணவகங்கள், அவ்வளவுதான். அங்கே பார்க்க வேண்டியது எல்லாம் ஊரைச் சுற்றி மேலே மலையில் இருக்கிறது. முட்டி வலி உள்ளவரை அழைத்துக்கொண்டு, காரும் இல்லாமல், அந்தத் தோட்டங்களுக்கு ஏறுவது சிரமம். செப்டம்பரில் வெயிலும் சில நாள் நன்றாகவே அடிக்கும்.

போன்ட்டே டி லீமா தட்டையான ஊர். ஆற்றை ஒட்டிப் பெரிய பிளேன் மரங்கள் இரண்டு வரிசையாக நிற்கும் ஒரு நடைபாதை உண்டு, அதில் ஒரு மணி நேரம் நடந்தாலும் ஒரு படி ஏற வேண்டியதில்லை. தெருக்கள் கருங்கல் பாவியவை என்பதால் நல்ல செருப்பு மட்டும் முக்கியம். வயதைச் சொன்னால், 1125ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று தெரேசா அரசி இந்த ஊருக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தார். போர்த்துகலின் முதல் அரசர் அஃபோன்சு என்ரிக்கஸ் அவருடைய மகன்தான், அதாவது போர்த்துகல் என்று ஒரு அரசு உருவாகும் முன்பே இந்த ஊருக்குப் பட்டயம் வந்துவிட்டது. நாட்டிலேயே மிகப் பழைய 'வில்லா', அதாவது நகரத்துக்கு ஒரு படி கீழான ஊர், என்று சொல்கிறார்கள். இன்றும் சட்டப்படி வில்லாதான், நகரம் இல்லை, அதை ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

போவதற்கு: போர்ட்டோவிலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது. இல்லையென்றால் வியானா டு காஸ்டெலு வரை ரயில், அங்கிருந்து பேருந்து. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, இதை மறக்காதீர்கள்.

தென்றல்77:

சரி, ஊர் நல்ல ஊராகவே இருக்கட்டும். ஆனால் அங்கே இரண்டு இரவு என்ன செய்வது? நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். பாலம் பார்த்தேன், சாப்பிட்டேன், மூன்று மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அரை நாள் போதும், பிராகாவோடு சேர்த்துப் பார்த்துவிடலாம்.

பிராகாவாசி:

அந்த மூன்று மணி நேரம் நண்பகலாக இருந்திருக்கும். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள், பதினோரு மணிக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஆற்று மணலில் நூற்றுக்கணக்கில் கார் நிற்கும், நடுச் சதுக்கத்தில் 1603இல் செய்த கல் நீரூற்றைச் சுற்றி மேஜைகள் நிறைந்திருக்கும், பாலத்தில் படம் எடுக்கிறவர்கள் கூட்டம். அந்த நேரத்தில் எந்த ஊரும் அப்படித்தான் தெரியும்.

மாலை ஏழு மணிக்கு அதே இடத்துக்கு வாருங்கள். கார்கள் போய்விடும், மணல் காலியாகும். பாலத்தில் வண்டி ஓடக் கூடாது, அதனால் தண்ணீர்ச் சத்தமும் பேச்சுச் சத்தமும்தான் கேட்கும். ஊர்க் கிழவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக அக்கரை வரை நடந்து திரும்பி வருவார்கள், தினமும். காலையில் ஆறு முழுக்க மூடுபனி கிடக்கும், பாலத்தின் வளைவுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இதற்கு ராத்திரி அங்கே தூங்கினால்தான் வழி. நான் முதல் மூன்று தடவை மதியம் போய்விட்டு வந்தேன், ஊரைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான்காவது தடவை மழையில் மாட்டி ஒரு இரவு தங்கியபோதுதான் இந்த ஊர் பிடித்துப்போனது.

இன்னொன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை ஆற்று மணலில் சந்தை கூடும். 1125 பட்டயத்திலேயே அந்தச் சந்தை பற்றிப் பேச்சு இருக்கிறது, தொள்ளாயிரம் வருடம். கோழி, நாற்று, மண்வெட்டி, காலணி, பாலாடைக்கட்டி, துணி என்று எல்லாம் வரும். உங்கள் தேதியில் சந்தைத் திங்கள் வருகிறதா என்று முதலில் பாருங்கள், வந்தால் ஞாயிறே போய்த் தங்கிவிடுங்கள்.

செப்டம்பர் நடுவில் ஃபெய்ராஸ் நோவாஸ் திருவிழா, 1826இலிருந்து நடக்கிறது. அந்த நாட்களில் அறையும் கிடைக்காது, தூங்கவும் முடியாது, அக்கார்டியன் மாதிரி ஒரு கைப்பெட்டியை வைத்துக்கொண்டு விடிய விடிய எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். நீங்கள் கடைசி வாரம் போவதால் பிரச்சினை இல்லை.

நடைப்பயணி:

ஸ்பெயினில் உள்ள சாந்தியாகோவுக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில் போர்ட்டோவிலிருந்து நடந்தபோது இந்த ஊர் வழியாகப் போனேன். பார்செலுஸிலிருந்து போன்ட்டே டி லீமா வரை ஒரே நாளில் 30 கிலோமீட்டருக்கு மேல். கால் முழுக்கக் கொப்புளம். கடைசியில் அந்த மர வரிசைக்குள் நுழைந்து, தூரத்தில் பாலம் தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாத்ரிகர் விடுதி அக்கரையில், பாலம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில். அதனால் அவ்வளவு நடந்த பிறகும் பாலத்தைக் கடந்துதான் படுக்க வேண்டும். முந்நூறு மீட்டர் நெருங்கும் அந்தப் பாலத்தில் அன்று எவ்வளவு மெதுவாக நடந்தேன் என்று இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் லப்ரூஜா மலை ஏற்றம், அந்தப் பாதையிலேயே கடினமான ஏற்றம் அதுதான்.

மழைத்துளி, மாலையில் பாலத்தின் அக்கரை முனைக்குப் போங்கள். சின்னதாக, பக்கங்கள் திறந்த கல் மண்டபம் மாதிரி, காவல் தேவதூதருக்கான ஒரு கோயில் ஆற்றோரமாக நிற்கும். அங்கே உட்கார்ந்து ஊரைப் பாருங்கள். இக்கரையில் இருந்து அக்கரையைப் பார்ப்பதைவிட அங்கிருந்து ஊரைப் பார்ப்பதுதான் அழகு.

கல்வெட்டு:

பாலத்தைப் பற்றி ஒரு திருத்தம். பலரும் ரோமானியப் பாலம் என்று எழுதிவிடுகிறார்கள். அக்கரைப் பக்கம், கோயிலுக்கு அருகே, ஆறு விலகிப் போனதால் இப்போது பெரும்பாலும் தரையில் நிற்கும் சில வளைவுகள்தான் ரோமர் காலத்தவை. நடுவே தண்ணீரில் நிற்கும் நீண்ட பகுதி 14ஆம் நூற்றாண்டு. பிராகாவிலிருந்து இன்றைய ஸ்பெயினில் உள்ள அஸ்டோர்கா வரை போன ரோமானியச் சாலை இங்கேதான் லீமா ஆற்றைக் கடந்தது, யாத்திரைப் பாதை பெரும்பாலும் அதன் மேலேயே போகிறது.

ஆற்றங்கரையில் ரோம வீரர்கள் வரிசையாக நிற்கும் சிலைகளைப் பார்ப்பீர்கள், அக்கரையில் குதிரை மேல் ஒருவர் தனியாக நிற்பார். கதை தெரியாமல் பார்த்தால் ஒன்றும் புரியாது. கி.மு. 138 வாக்கில் டெசிமஸ் ஜூனியஸ் புரூட்டஸ் என்ற தளபதி தெற்கிலிருந்து படையோடு வந்தார். இந்த ஆற்றை வீரர்கள் லேத்தே என்று நினைத்தார்கள், கடந்தால் நினைவெல்லாம் அழிந்துபோகும் என்று பாதாள உலகக் கதைகளில் வருமே, அந்த ஆறு. யாரும் இறங்க மறுத்தார்கள். ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதிய வரலாற்றின் சுருக்கத்தில் இருப்பது, தளபதி கொடிக்காரன் கையிலிருந்து கொடியைப் பிடுங்கித் தானே அக்கரைக்குக் கொண்டுபோய், அப்படி வீரர்களைச் சம்மதிக்க வைத்தார் என்பது மட்டும்தான். அக்கரையில் நின்று ஒவ்வொரு வீரனையும் பெயர் சொல்லி அழைத்தார், நினைவு போகவில்லை என்று காட்ட, என்பது ஊரில் சொல்லும் கதை. சிலைகள் அந்தக் கதைக்குத்தான். எனக்கு ஊர்க் கதைதான் பிடிக்கும், ஆனால் இரண்டும் வேறு என்று தெரிந்து பார்ப்பது நல்லது.

இன்னும் ஒன்று. பழைய மதில் கோபுரம் ஒன்றில் நீல ஓட்டுப் படம் இருக்கும். அஃபோன்சு என்ரிக்கஸ் தூரத்து மலையில் ஏதோ அசைவதைப் பார்த்து எதிரிப்படை என்று பாயத் தயாராக, கூட இருந்தவர் "ஆடுகள் அவை, ஐயா" என்று தடுத்தாராம். "காப்ராஸ் சாவ்", ஆடுகள் அவை. அதிலிருந்துதான் பக்கத்து ஊருக்குக் காப்ரசாவ் என்று பெயர் வந்தது என்பார்கள்.

மழைத்துளி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. மனம் போன்ட்டே டி லீமா பக்கம் சாய்கிறது. அங்கே விளைவது வின்யு வெர்டே என்று போட்டிருக்கிறது, அதாவது பச்சை ஒயின். பச்சை நிறமாகவா இருக்கும்? டோருவில் கிடைப்பதைவிட மட்டமா?

கோப்பை:

மட்டம் இல்லை, வேறு. வெர்டே என்றால் பச்சைதான், ஆனால் நிறத்தைச் சொல்லவில்லை. பழுக்க வைத்துக் காக்காமல், அறுவடை முடிந்து சில மாதங்களிலேயே இளசாகக் குடிப்பது என்ற பொருள். அந்த நிலமே மழையில் பச்சையாகக் கிடப்பதால் வந்த பெயர் என்றும் சொல்வார்கள். 1908இல் எல்லை வகுத்தார்கள், இப்போது ஒன்பது உட்பகுதிகள், அதில் ஒன்றின் பெயரே லீமா. இந்தப் பகுதியின் திராட்சை லொரெய்ரு. லாரல் மரத்தின் பெயர் அது, ஒயினில் பூ மணமும் எலுமிச்சைத் தோல் மணமும் வரும். போதை குறைவு, புளிப்பு தூக்கல், சிலவற்றில் நாக்கில் மெல்லக் குறுகுறுக்கும். பெரிதாகத் தெரியாது என்றீர்களே, ஆரம்பிக்க இதைவிட நல்லது கிடைக்காது. லொரெய்ரு மட்டுமே போட்டுச் செய்த புட்டியாகக் கேளுங்கள், கலப்பு வேண்டாம்.

நீங்கள் போவது அறுவடை நேரம். வழியில் கவனியுங்கள், டோருவில் திராட்சை தரையில் புதர் மாதிரி வரிசையாக இருக்கும், இங்கே தலைக்கு மேலே பந்தல். கருங்கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியை மேலே ஏற்றியிருப்பார்கள், ரமாடா என்று பெயர். ஏணி போட்டுத்தான் பறிப்பார்கள். காரணம், இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் துண்டு நிலம்தான். அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வந்த பிறகு நல்ல நிலமெல்லாம் அதற்குப் போனது, திராட்சை வரப்புக்கும் வழிக்கும் மேலே ஏறியது. கீழே கீரை, சோளம், மேலே ஒயின். ஈரத் தரையிலிருந்து கொடி விலகி இருப்பதும் நல்லது. மரத்தின் மேலேயே கொடியை ஏற்றி விடுகிற பழைய முறையும் சில இடத்தில் மிச்சம் இருக்கிறது, அதற்கு 'தூக்கில் போட்டது' என்று பெயர். புதிய தோட்டங்கள் எல்லாம் தாழ்வான கம்பி வரிசைக்கு மாறிவிட்டன, இயந்திரத்துக்கு அதுதான் வசதி. பந்தல்கள் வருடா வருடம் குறைகின்றன. எனக்கு அது வருத்தம்தான்.

தம்பிக்கு: வின்யாவ் என்ற திராட்சையில் செய்த சிவப்பு வெர்டே கேட்கச் சொல்லுங்கள். மை மாதிரிக் கறுப்பு, கண்ணாடியில் இல்லாமல் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தருவார்கள், கிண்ணமும் உதடும் ஊதா ஆகிவிடும். தனியாகக் குடித்தால் புளிப்பு தாங்காது. ஊரின் சாப்பாடான சர்ரபுல்யு சோற்றோடு குடிக்க வேண்டும். பன்றி இரத்தத்தில் வேக வைத்த குழைவான சோறு, சீரகம் போட்டது, கூடப் பொரித்த பன்றித் துண்டுகள். அந்தக் கொழுப்புக்கு அந்தப் புளிப்பு வேண்டும்.

யாழ்_லியோன்:

அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. நான் பிரான்ஸிலிருந்து இரண்டு முறை மாமியாரோடு அந்தப் பக்கம் போனேன், அவரும் சைவம். கால்டு வெர்டே என்ற கீரை சூப்பை எல்லோரும் சைவம் என்று சொல்வார்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், மெல்லியதாய் அரிந்த கீரை, ஒலிவ எண்ணெய், இவ்வளவும் சரி, ஆனால் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். சில இடங்களில் பானையிலேயே அதையும் சேர்த்து வேக வைத்திருப்பார்கள். "செம் கார்ன்", அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொன்னால் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். ஆகவே பானையில் போட்டதா, மேலே போட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாலாடைக்கட்டியிலும் கவனம் வேண்டும், பலவற்றைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளால் உறைய வைப்பார்கள், ஆனால் செர்ரா டா எஸ்ட்ரெலா என்ற கட்டி முட்செடிப் பூவில் உறைய வைப்பது, அதை மாமியார் தைரியமாகச் சாப்பிட்டார். சமையலறை உள்ள அறையாக எடுங்கள், அரிசியும் தயிரும் எங்கும் கிடைக்கும். உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஒலிவம், கட்டி என்று வைப்பார்கள், அது இலவசம் இல்லை. தொடாவிட்டால் காசு இல்லை.

அம்மாவுக்கு மொழி பயம் வேண்டாம் என்று சொல்லுங்கள். நாங்கள் யாழ்ப்பாணத்தில் ரொட்டியைப் பாண் என்போம், காலணியைச் சப்பாத்து என்போம், அங்கே பேக்கரியில் "பாவ்ங்" என்று கேட்டபோது மாமியார் திரும்பிப் பார்த்தார். ஜன்னல், மேஜை, சாவி, அலமாரி எல்லாம் அவர்களிடமிருந்து கப்பலில் வந்த சொற்கள். ஒயின் வைக்கிற பெரிய மரப் பீப்பாயைக் காட்டிப் "பீப்பா" என்றார் ஒருவர், எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

மழைத்துளி:

முடிவாகிவிட்டது. ஞாயிறு, திங்கள் இரண்டு இரவும் போன்ட்டே டி லீமா. திங்கள் சந்தை நாள்தான், பார்த்துவிட்டேன். அக்கரையில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்திருக்கிறேன். தென்றல், கோபிக்காதீர்கள், உங்கள் ரயிலை அடுத்த தடவைக்கு வைத்திருக்கிறேன்.

மழைத்துளி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், போய்விட்டு வந்தாகிவிட்டது.

முதலில் தவறிய விஷயம். பிராகாவாசி அவ்வளவு சொல்லியும் நான் வாரநாள் நேர அட்டவணையைப் பார்த்து வியானாவில் இறங்கிவிட்டேன். ஞாயிறு அந்தப் பேருந்து கிடையாது. இரண்டரை மணி நேரம் நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம், கடைசியில் டாக்சி. அம்மா களைத்துவிட்டார், எனக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது தவறோ என்று பயம் வந்துவிட்டது. வீட்டில் பையை வைத்ததும் அவரே "அந்தப் பாலம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்றார். பிராகாவாசி எழுதியது அப்படியே இருந்தது. ஏழு மணி, மணல் காலி, தண்ணீர்ச் சத்தம். குதிரை வீரன் சிலைக்குக் கீழே நின்று கல்வெட்டு எழுதிய கதையை அம்மாவுக்குச் சொன்னேன். எதிரே ஊர்ப் பக்கக் கரையில் வரிசையாய் நின்ற வீரர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அத்தனை பேர் பெயரும் ஞாபகம் வைத்திருந்தாரா அவர்?" என்று கேட்டார்.

திங்கள் காலை எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் பனியில் ஒன்றுமே தெரியவில்லை, கோழி கத்துகிற சத்தம் மட்டும் ஆற்றைத் தாண்டிக் கேட்டது. பனி விலக விலகக் கூடாரங்கள் தெரிந்தன. சந்தையில் அம்மாவை இழுத்து வர முடியவில்லை. பூண்டு, அவரை, முட்டைக்கோஸ் நாற்று எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு கடையில் சமையலறைத் துணி விற்ற பாட்டியிடம் கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார், அந்தப் பாட்டி "துவால்யா, துவால்யா" என்றார். அம்மா உடனே "ஆமாம், துவாலை" என்றார். பிறகு இருவரும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே விலை பேசி முடித்தார்கள். நான்கு துவாலை வாங்கினோம். யாழ்_லியோன், உங்கள் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி சர்ரபுல்யு சாப்பிட்டான், கறுப்பு ஒயினும் குடித்தான், உதடு ஊதா ஆனது. சாப்பாடு பிடித்தது, ஒயின் இரண்டாவது கிண்ணத்தில்தான் பிடித்தது என்றான். நான் லொரெய்ரு மட்டும். செவ்வாய் காலை ஊருக்குள் இருக்கும் வின்யு வெர்டே விளக்க மையத்துக்குப் போனோம், பழைய பெரிய வீட்டில் வைத்திருக்கிறார்கள், கோப்பை சொன்ன பந்தல் முறைகளை அங்கே படத்தோடு பார்த்தேன். ஊருக்கு வெளியே டாக்சியில் போகும்போது உண்மையான பந்தல் ஒன்றும் கண்ணில் பட்டது. ஒரு அம்மாவும் இரண்டு பையன்களும் ஏணியில் நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். டாக்சிக்காரர் தானாகவே நிறுத்தினார்.

தோட்டத் திருவிழாவும் அக்டோபர் கடைசி வரை உண்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே. வருடம் ஒரு தலைப்பில் சின்னச் சின்னத் தோட்டங்கள் போடுகிறார்கள், பார்க்கிறவர்கள் அதிகம் ஓட்டுப் போடுகிற தோட்டம் அடுத்த வருடமும் இருக்கும். அம்மா ஓட்டுப் போட்டிருக்கிறார்.

தென்றல்77:

படிக்கச் சந்தோஷமாக இருந்தது. துவாலை கதையை வீட்டில் படித்துக் காட்டினேன். நான் தங்காமல் வந்தது தவறுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு கேள்வி, அடுத்த மே மாதம் நாங்கள் நான்கு பேர் போகிறோம். அறை ஊருக்குள் எடுப்பதா, உங்களைப் போல அக்கரையிலா?

மழைத்துளி:

அக்கரையில் எடுங்கள். கடை, காபி எல்லாம் ஊர்ப் பக்கம் இருப்பதால் எதற்கும் பாலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும், முட்டி வலிக்கு இது சரிப்படுமா என்று முதலில் யோசித்தேன். திங்கட்கிழமை மட்டும் அம்மா நான்கு முறை கடந்தார், கடைசித் தடவை இரவு பத்து மணிக்கு, எங்களைக் கூப்பிடாமல் தனியாக.